இரண்டு ஊர்ச் சனம், ஒரு பாய்: முதல் சந்திப்பை நடத்தும் முறை

ஒரு தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில், அல்லது இவை இரண்டுக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் நடுவில், ஒரே வாய்க்காலையும் ஒரே பஸ்ஸையும் பங்குபோட்டுக்கொண்டு வாழ்பவர்களுக்காக இந்த அத்தியாயம். அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா, மன்னார் என்று எந்த மாவட்டமானாலும் சரி. நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், மாதர் சங்கச் செயலாளராக இருக்கலாம், கமக்காரர் அமைப்பின் பொருளாளராக இருக்கலாம். பெரிய நிதி தேவையில்லை. தேத்தண்ணீருக்கும் பஸ் காசுக்கும் இருந்தால் தொடங்கலாம்.

யுத்தம் முடிந்தது 2009 மே மாதம். அதன் பிறகு 'நல்லிணக்கம்' என்ற பெயரில் எத்தனையோ நிகழ்ச்சிகள் நடந்துவிட்டன. நான்கு மதத் தலைவர்கள் விளக்கேற்றுவார்கள், பிள்ளைகள் மூன்று மொழியில் பாடுவார்கள், பகல் சாப்பாட்டுப் பார்சலோடு எல்லோரும் வீடு போவார்கள். அடுத்த சனிக்கிழமை சந்தையில் கண்டால் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது. அப்படி ஒன்று நடத்த உங்களுக்கு வழிகாட்டி எதற்கு?

கோட்பாடு ஒரு பந்தியோடு முடிகிறது. ஆக்களைச் சும்மா சந்திக்க வைத்தால் மனம் மாறிவிடாது, சில நேரம் கசப்பு கூடும். சமமான நிலையில், பொதுவான ஒரு வேலைக்காக, ஒருவரோடொருவர் சேர்ந்து, அதிகாரம் உள்ளவர்களின் ஆதரவோடு சந்தித்தால்தான் பலன் கிடைக்கும் என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதினார். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த நான்கையும் ஊருக்குள் கொண்டுவரும் வழிகள்தான்.

தனி ஆளாகத் தொடங்காதீர்கள்

நீங்கள் தமிழரானால் வடக்கு முஸ்லிம் ஒருவர் உங்களை, புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய 1990ஐ வைத்துத்தான் முதலில் பார்ப்பார். நீங்கள் அப்போது பிறந்தே இராவிட்டாலும் அப்படித்தான். சிங்களவரானால் 'ஆர்மியின் ஆளோ' என்ற சந்தேகம் வரும். முஸ்லிமானால் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு வந்த பார்வை இன்னும் முற்றாகப் போகவில்லை. ஆகவே ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவரைச் சேர்த்து ஏற்பாட்டுக் குழு அமைத்த பிறகே மற்ற வேலை எல்லாம்.

அந்த ஒருவரை எங்கே தேடுவது?

சிங்களக் கிராமத்தில் எல்லோரும் நேரே விகாரைக்குப் போவார்கள். ஹாமுதுருவுக்கு மரியாதை செலுத்தத்தான் வேண்டும், ஆனால் வேலைக்கு ஆள் தேடினால் மரண உதவிச் சங்கத்தின் செயலாளரைப் பிடியுங்கள். செத்த வீட்டுக்குக் கதிரையும் கூடாரமும் கொடுக்கிற சங்கம் அது. எந்த வீட்டுக்கு எந்த வீட்டோடு பேச்சு இல்லை என்பது வரை அவருக்குத் தெரியும்.

முஸ்லிம் ஊரில் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். தெரியப்படுத்திய பிறகு, பெண்களை அழைக்க முன்பள்ளி ஆசிரியையிடம் போங்கள்.

தமிழ் ஊரில் கோயில் நிர்வாக சபையோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். சில ஊர்களில் கோயில் சபைக்குள் வராத சாதியினர் ஊரில் பாதிப்பேர் இருப்பார்கள். கூட்டத்துக்கு அவர்கள் வராவிட்டால் 'தமிழ்த் தரப்பு' என்று நீங்கள் இருத்தியிருப்பது பாதி ஊரைத்தான். இன்னோர் இனத்தோடு கதைக்கப் போகுமுன் சொந்த ஊரை எண்ணிப் பாருங்கள்.

எதைப் பற்றிக் கதைப்பது?

'சமாதானம்' என்று தலைப்புப் போட்டால் வருபவர்கள் சமாதானத்தைப் பற்றிச் சொற்பொழிவு செய்பவர்கள். 'வாய்க்கால்' என்று போட்டால் கமக்காரர் வருவார்கள். முதல் சந்திப்புக்குப் பொருத்தமானவை:

• குளத்து நீரைப் பங்கிடும் முறையும் நாளும்
• யானை வேலி பராமரிப்பு
• மேய்ச்சலுக்குப் போகும் மாடு வயலில் இறங்குவது
• இரண்டு ஊரும் பாவிக்கிற பாதை, பாலம், பஸ் நேரம்
• வைத்தியசாலையிலோ அலுவலகத்திலோ தமிழ் அல்லது சிங்களம் தெரிந்த ஒருவர் இல்லாதது

முதல் சந்திப்பில் தொடக்கூடாதவை: காணி உறுதி, குடியேற்றம், தொல்லியல் இடங்கள். இவை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. இவைதான் முக்கியம். ஆனால் முடிவு எடுப்பவர்கள் உங்கள் பாயில் இல்லை. கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்காக 2020இல் சனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மட்டக்களப்பு மயிலத்தமடுவில் பால்பண்ணையாளர்களின் மேய்ச்சல் தரைப் பிரச்சினை பல வருடங்களாக இழுபடுகிறது. கொழும்பில் அவிழ்க்க வேண்டிய முடிச்சை ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் அவிழ்க்கப் பார்த்தால் மண்டபத்தில் இருப்பவர்கள்தான் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு போவார்கள்.

படிமுறை

படி 1: சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்

கிராம அலுவலருக்கு நேரிலும் பிரதேச செயலாளருக்குக் கடிதத்திலும் சொல்லுங்கள். கடிதத்தில் விஷயத்தை உள்ளபடி எழுதுங்கள்: 'வாய்க்கால் துப்புரவும் நீர்ப்பங்கீடும் பற்றிய இரு கிராமக் கலந்துரையாடல்.' பிரதியைப் பைலில் வையுங்கள். பிறகு யாராவது சாதாரண உடுப்பில் வந்து "என்ன கூட்டம் இது?" என்று கேட்டால் அந்தக் கடிதத்தைக் காட்டலாம். ஒளித்துச் செய்த கூட்டம் என்ற பெயர் வந்துவிட்டால் உங்களை விட, வந்து இருந்தவர்களுக்குத்தான் தொல்லை.

படி 2: முதலில் தனித்தனியாக இருங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

இரண்டு ஊரையும் சேர்ப்பதற்கு முன் ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது இரண்டு அமர்வு வையுங்கள். ஒன்று ஆண், பெண் சேர்ந்து. ஒன்று பெண்கள் மட்டும். மூன்றே கேள்வி:

1. அந்த ஊர் ஆக்களோடு கடைசியாக எப்போது, என்ன விஷயமாகக் கதைத்தீர்கள்?
2. அவர்களிடம் நேரே கேட்க விரும்பும் கேள்வி ஒன்று என்ன?
3. அவர்கள் எதைச் சொன்னால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை வரிக்கு வரி மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எழுதினால் சொன்னவர் பெயரை எழுதாதீர்கள். பிறகு மற்ற ஊரின் தனி அமர்வில், யார் சொன்னது என்று காட்டாமல், "இப்படி ஒரு சொல் வந்தால் அங்கே நோகும்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நான் இந்தப் படியை ஒருமுறை தாண்டினேன். மன்னார்ப் பக்கம், மீளக்குடியேறிய முஸ்லிம் ஊர் ஒன்றும் பக்கத்துத் தமிழ் ஊர் ஒன்றும். நேரம் இல்லை, எல்லோரும் தமிழ்தானே பேசுகிறார்கள், இருத்தினால் கதைப்பார்கள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கெட்ட எண்ணமே இல்லாமல், "நீங்கள் எல்லாம்தான் திரும்பி வந்திட்டீங்களே, இனி என்ன" என்றார். எதிரில் ஒரு தாய் இருந்தார். 1990இல் கையில் ஒரு பையோடு வெளியேறி, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பிள்ளை பெற்று வளர்த்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டார், போனார். பின்னால் மற்றப் பெண்களும் எழும்பினார்கள். அந்த வீட்டு வாசலுக்கு நான் மறுபடி போக ஒரு வருடம் எடுத்தது. தனி அமர்வு ஒன்று வைத்திருந்தால் 'திரும்பி வந்திட்டீங்களே' என்ற சொல் அங்கே எப்படி விழும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

படி 3: ஆளைத் தெரிவுசெய்யுங்கள்

ஊருக்கு 6 முதல் 8 பேர். இரண்டு ஊரானால் மொத்தம் 16க்கு மேல் வேண்டாம். தலை எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆள் குறைந்தால் மற்றப் பக்கத்தையும் குறையுங்கள். பாதிப்பேராவது பெண்கள். கட்சிக்காரர்களைத் தேர்தல் வருடத்தில் கூப்பிடவே வேண்டாம்; மற்ற வருடத்தில் ஊர்க்காரராக மட்டும் வரலாம்.

பிழை: இரண்டு ஊரிலும் 'நல்ல மனிதர்' என்று பெயர் எடுத்தவர்களை மட்டும் கூப்பிடுவது. அவர்கள் ஏற்கெனவே சிநேகிதர்கள். கொஞ்சம் கோபக்காரராக, ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவராக ஒருவர் இரு பக்கத்திலும் இருக்கட்டும். அவர் ஏற்றுக்கொண்டதை ஊர் ஏற்றுக்கொள்ளும்.

படி 4: நாள் பாருங்கள்

வெள்ளிக்கிழமை, போயா நாள், நோன்பு மாதம், கோயில் திருவிழா, அறுவடை வாரம் எல்லாம் விலக்கு. அதோடு ஒவ்வொரு சமூகத்துக்கும் உள்ள துக்க நாட்காட்டியையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்:

• தமிழருக்கு: 1983 யூலை இறுதி வார இன வன்முறை, 1990 செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான், 2009 மே 18 முள்ளிவாய்க்கால், நவம்பர் 27 மாவீரர் நாள்
• முஸ்லிம்களுக்கு: 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், 1990 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண வெளியேற்றம், 2014 யூன் அளுத்கம, 2018 மார்ச் திகன
• சிங்களவருக்கு: 1987 யூன் 2 அரந்தலாவ பிக்குகள், 2006 யூன் 15 கெப்பித்திகொல்லாவ பஸ், 1987–89 காலத்தில் தெற்கில் காணாமற் போனவர்களுக்காக சீதுவை ரத்தொலுவச் சந்தியில் நினைவுகூரும் ஒக்டோபர் 27
• கிறிஸ்தவர்களுக்கு, தமிழரானாலும் சிங்களவரானாலும்: 2019 ஏப்ரல் 21

இந்த நாட்டில் யாருக்காவது துக்க நாள் இல்லாத மாதம் கிடையாது. அந்த நாட்களின் வாரத்தையாவது விட்டுவிடுங்கள். உங்கள் ஊரின் சொந்தத் துக்க நாள் இந்தப் பட்டியலில் இராது. அதைத் தனி அமர்வில் கேட்டு அறியுங்கள்.

படி 5: இடமும் சாப்பாடும்

கோயில், பள்ளிவாசல், விகாரை மண்டபங்கள் வேண்டாம். இராணுவம் கட்டிக்கொடுத்த மண்டபம் என்றால் தமிழ்ப் பெண்கள் வருவார்களா என்று முதலில் கேளுங்கள். கமநல சேவை நிலையம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம், பாடசாலை என்பவை பரவாயில்லை. பாயில் வட்டமாக இருத்துங்கள். கதிரை போட்டால் பிளாஸ்ரிக் கதிரைக்கு நடுவில் மெத்தைக் கதிரை ஒன்று எங்கிருந்தோ வந்துவிடும், அதில் யாரோ ஒரு பெரியவர் அமர்ந்துவிடுவார், கூட்டம் அவருடையதாகிவிடும். முழங்கால் ஏலாதவர்களுக்கு மட்டும் ஒரே மாதிரியான கதிரை.

சாப்பாடு மரக்கறி. ஹலால், மாட்டிறைச்சி, போயா விரதம் என்ற மூன்று தலைவலியும் ஒரே அடியில் தீரும். முடிந்தால் இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து அங்கேயே சமைக்கட்டும். கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டுத் தொடங்கும் பேச்சு, நீங்கள் மேடை போட்டு வரவழைக்க முடியாத பேச்சு.

படி 6: மொழிபெயர்ப்பாளர்

சிங்கள ஊர் ஒன்றும் தமிழ் பேசும் ஊர் ஒன்றும் சந்தித்தால் கூட்டத்தின் உயிர் மொழிபெயர்ப்பாளர் கையில். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தில் சமம் வந்துவிட்டது. ஊரில் ஒரு தமிழ்த் தாய் பத்து நிமிடம் அழுது சொன்னதை, மொழிபெயர்க்க வந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் "இவருக்கு மகனைப் பற்றிக் கவலை" என்று ஒரே வரியில் முடித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். எதிரே இருந்த சிங்களப் பெண்கள் தலையசைத்தார்கள். பத்து நிமிடத்தில் அந்தத் தாய் சொன்ன பஸ்ஸின் நிறம், மகன் போட்டிருந்த சேட்டு, கடைசியாக அவன் திரும்பிப் பார்த்த இடம் ஒன்றும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

விதிகள்:

1. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் களைத்தால் மற்றவர். ஒருவராவது பெண்.
2. பொலிஸ், இராணுவம், அரசியல் அலுவலகம் சார்ந்தவர் வேண்டாம், எவ்வளவு நன்றாக மொழி தெரிந்தாலும்.
3. இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி மொழிபெயர்க்க வேண்டும்.
4. 'இவர் சொல்கிறார்' என்று தொடங்கக்கூடாது. பேசுபவரின் வாயாகவே 'நான்' என்று சொல்ல வேண்டும்.
5. விளங்காவிட்டால் திருப்பிக் கேட்க வேண்டும். சுருக்கவோ மெருகூட்டவோ கூடாது.

கூட்டத்துக்கு முதல் நாள் அவரோடு ஒரு மணி நேரம் இருந்து சொற்களைப் பேசி முடியுங்கள். அரைகுறையாக மற்ற மொழி தெரிந்தவர்கள் வட்டத்தில் எப்போதும் இருப்பார்கள், தொல்லை அவர்களிடமிருந்துதான் வரும். சிங்களத்தில் 'ஜாதிய' என்றால் இனம், தேசம். தமிழ்க் காதில் அது சாதியாக விழும். சிங்களவருக்குத் 'தாத்தா' அப்பா, முஸ்லிம்களுக்கு அக்கா, தமிழருக்குப் பாட்டன். "தாத்தாவைக் கொண்டுபோனார்கள்" என்று ஒருவர் சொன்னால் யாரைக் கொண்டுபோனார்கள் என்று மூன்று பேர் மூன்று விதமாக விளங்கிக்கொள்வார்கள்.

இதைவிடக் கடினமானவை இரண்டு பக்கமும் எடை கூடிய சொற்கள். 'மாவீரர்' என்பதை 'ரணவிரு' என்று பெயர்த்தால் இரண்டு பக்கமும் கொதிக்கும். 'திரஸ்தவாதி' என்று சிங்களத்தில் வந்ததைப் 'போராளி' என்று மாற்றினால் அது பொய். வந்த சொல்லை வந்தபடியே, அதன் மொழியிலேயே சொல்லிவிட்டு, "இது இவர்கள் பாவிக்கிற சொல்" என்று சேர்த்துச் சொல்வதுதான் நான் கண்ட வழி.

குறிப்பு: தமிழ்–முஸ்லிம் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பதால் சொல் பற்றிய வேலை குறையாது. 'தொப்பி பிரட்டி' போன்ற வசைகள் பகிடியாக வாயில் வந்துவிடும், நடுவில் தடுக்க ஒரு மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 'சகோதர இனம்' என்ற பத்திரிகைச் சொல்லையும் விடுங்கள். முஸ்லிம் என்றும் சிங்களவர் என்றும் பெயர் சொல்லியே கூப்பிடலாம்.

சந்திப்பு நாள்

காலை 9.30க்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடியுங்கள். ஒழுங்கு இப்படி:

1. அரை மணி நேரம் தேத்தண்ணீர். வரவேற்புரை, மாலை, பொன்னாடை ஒன்றும் இல்லை.
2. அறிமுகம். பெயர், ஊர், இன்று காலை என்ன வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள் என்ற மூன்றும் போதும். பதவி சொல்லத் தேவையில்லை.
3. விதிகள் நான்கு: ஒருவர் பேசும்போது மற்றவர் பேசுவதில்லை, போன் நிறுத்தம், முகம் தெரியும் படமோ ஒலிப்பதிவோ இல்லை, இங்கே கேட்ட சொந்தக் கதையை வெளியில் பெயரோடு சொல்வதில்லை.
4. வரைபடம். பெரிய தாள் ஒன்றைப் பாயில் விரித்து, இரு ஊரும் கலந்த சிறு குழுக்களாகக் குளம், மதகு, வாய்க்கால், பாதை, சுடலை, மையவாடி, யானை வரும் வழி எல்லாவற்றையும் வரையச் சொல்லுங்கள்.

வரைபடத்தில் பெயர்ப் பிரச்சினை வரும், தயாராக இருங்கள். மணலாறு, வெலிஓயா என்ற இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் எதை எழுதுகிறீர்கள் என்பதிலேயே உங்கள் பக்கம் தெரிந்துவிடும். உங்கள் குளத்துக்கும் இரண்டு பெயர் இருக்கலாம். இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எது பழைய பெயர் என்ற வாதத்தை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

5. வரைபடத்திலிருந்து பிரச்சினைகளைப் பொறுக்கி, ஒன்றைத் தெரிவுசெய்தல்.
6. ஒரு வேலை, ஒரு திகதி, ஊருக்கு ஒரு பொறுப்பாளர்.
7. சாப்பாடு.

பழைய கதை வந்தால்

வரும். மதகைப் பற்றிக் கதைக்கும்போது யாராவது, "அந்த மதகில்தான் என் தம்பியைச் சுட்டது" என்பார். அப்போது வேலையை நிறுத்துங்கள்.

முதலில், பேசுபவர் முடிக்கும் வரை ஒருவரும் குறுக்கிடக்கூடாது. அவர் முடித்த பிறகும் உடனே பதில் வேண்டாம். இரண்டு நிமிடம் அமைதி. அந்த இரண்டு நிமிடம் நடத்துபவருக்குத்தான் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "எங்களுக்கும்தான் நடந்தது" என்று ஒருவர் தொடங்கினால் மெதுவாகச் சொல்லுங்கள்: "உங்களுடையதையும் கேட்போம், இவருடையதைக் கேட்டு முடிந்த பிறகு."

மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். மன்னிக்கவும் சொல்லாதீர்கள். எதிரில் இருக்கும் கமக்காரர் சுட்டவரல்ல, அவர் எதற்காகக் கேட்பது? கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று, பிள்ளைகள் எங்கே என்று கேட்டு வீதியோரத்தில் அமர்ந்தார்கள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் அதற்கு முந்திய வருடமே, 2016இல் வந்துவிட்டது. பிள்ளை எங்கே என்று தெரியாத ஒருவரிடம் "மறந்து விடுங்கள்" என்று சொல்லும் கூட்டத்தை நடத்தாமல் விடுவது மேல்.

தெற்கிலும் தாய்மார் இருக்கிறார்கள். 1987–89 காலத்தில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய விதமும் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞரைக் காணாமல் ஆக்கின. வட்டத்தில் அப்படி ஒரு தாய் இருந்தால் அவராகவே வாய் திறப்பார். "பாருங்கள், இருவருக்கும் ஒரே வலி" என்று நீங்கள் நடுவில் நின்று முடிச்சுப் போடாதீர்கள். அவர்களாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டால் அது உங்கள் சொற்பொழிவாகிவிடும்.

பாதுகாப்பு

வரவுப் பதிவு: நிதி கொடுப்பவர்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் கேட்பார்கள். அந்தத் தாள் யார் கைக்கும் போகலாம். ஊர்வாரியாக ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற எண்ணிக்கையை ஏற்காவிட்டால் அந்தப் பணத்தை வாங்காமல் செய்யுங்கள்.

படம்: முகம் தெரியும் படம் வேண்டாம். வரைபடத்தையும் கைகளையும் எடுத்தால் அறிக்கைக்குப் போதும்.

எழுத்து: சொந்தச் சாட்சியங்களைப் பதிவிட வேண்டாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும், குடியியல் அரசியல் உரிமைகளுக்கான 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றின் கீழ் ஒரு சிறுகதைக்காக ஒருவரும் கவிதைத் தொகுப்புக்காக ஒருவரும் மாதக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறார்கள். அந்த இரண்டு சட்டங்களில் இரண்டாவதில் உள்ளது, வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்த பிரிவு என்பது தனி வேடிக்கை.

மனம்: யாராவது நடுங்கினால், மூச்சு வாங்கினால், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், இன்னும் கேட்காதீர்கள். தெரிந்த பெண் ஒருவர் அவரோடு வெளியே போய் இருக்கட்டும். அன்று மாலையும் மூன்றாம் நாளும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எல்லோரிடமும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். பாலியல் வன்முறை பற்றி ஒரு பெண் சொல்லத் தொடங்கினால் வட்டத்துக்குள் தொடரவிடாமல் தனியே கூட்டிப்போங்கள். ஊர் சிறிது, சொல் திரும்பி அவர் வீட்டுக்கே வரும்.

நிறுத்த வேண்டிய நேரம்: அழைக்காத யாராவது வந்து ஓரமாக இருந்து குறிப்பு எடுக்கத் தொடங்கினால் வாய்க்காலைத் தவிர வேறு எதுவும் கதைக்காதீர்கள். பங்குபற்றியவர்களில் ஒருவரை யாராவது விசாரித்தார்கள் என்று தெரிந்தால் அடுத்த சந்திப்பைத் தள்ளிவைத்து, தொடர்வதா என்பதை அவரிடமே கேளுங்கள்.

அடுத்த பதினான்கு நாள்

ஒப்புக்கொண்ட வேலை இரண்டு வாரத்துக்குள் நடக்க வேண்டும். சின்ன வேலையாக இருக்கட்டும்: மதகில் அடைத்த குப்பையை எடுப்பது, யானை வேலியில் விழுந்த தூண் ஒன்றை நிமிர்த்துவது. நடக்காவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், முதலில் வேலையை முடியுங்கள். இரண்டாவது சந்திப்பு மற்ற ஊரில்.

மாடு வயலில் இறங்கியது, எல்லைக்கல் நகர்ந்தது போன்ற தனித் தகராறுகள் வந்தால் நீங்கள் நீதிபதியாகாதீர்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புங்கள். வழக்கறிஞர் தேவையில்லை.

இனி, எல்லாவற்றையும் விடப் பயன்படக்கூடிய ஒரு தாள். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கறிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. ஒரு வாரத்தில் திகன எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸப்பையும் முடக்கியது. வாட்ஸப் குழு வைத்திருந்தவர்களுக்கு அன்று குழு இல்லை. ஆகவே ஊருக்கு மூன்று பேரின் சாதாரண தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி, யார் யாரை முதலில் அழைப்பது என்று அம்புக்குறி போட்டு, அந்த ஆறு பேரும் வீட்டில் சுவரில் ஒட்டட்டும். வதந்தி வந்தால் அழைத்துக் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அங்கே இப்போது என்ன நடக்குது?" மாதம் ஒருமுறை, ஒன்றும் நடக்காத நாளிலும், அழைத்துப் பாருங்கள். இலக்கம் மாறியிருக்கும்.

படி 1 முதல் சந்திப்பு வரை எட்டு வாரம் எடுக்கும். யூன் நடுவில் தொடங்கினால் ஆகஸ்டில் இருத்தலாம். ஒக்டோபரில் மழை விழுந்து பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டால் எந்த ஊரிலும் கூட்டத்துக்கு ஆள் கிடையாது.